திரையில் தெரிவதை வைத்துப் பழுதைப் பிடிப்பது: காவிரி டெல்டாவில் லைவ் ஸ்டாக்கிங்

திருவாரூருக்குத் தெற்கே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 150 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைநோக்கி, குவியத்தூரம் 750 மி.மீ., அதாவது எஃப்/5. அதைத் தாங்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பி, பொருளைத் தானாகத் தேடிப்போகும் ஆல்ட்-அசிமுத் மவுன்ட். ஐஎம்எக்ஸ் 585 சென்சார் கொண்ட, குளிரூட்டி இல்லாத கலர் கேமரா. பழைய லேப்டாப், அதில் ஷார்ப்கேப் என்ற படமெடுக்கும் மென்பொருள். பக்கத்து ஊர்களில் இரண்டு பேர் சீஸ்டார் எஸ் 50 என்ற, கேமராவும் மவுன்டும் சேர்ந்தே வரும் சிறு தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் தொல்லைகளும் எனக்கு வருபவைதான், பெயர் மட்டும் வேறு.

லைவ் ஸ்டாக்கிங் என்ற வேலை எளிமையானது. கேமரா ஐந்து, பத்து விநாடிக்கு ஒரு ஃப்ரேம் எடுக்கும். மென்பொருள் நட்சத்திரங்களை அடையாளம் வைத்து அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். கண்ணுக்குச் சாம்பல் பூசினதுபோல் மட்டும் தெரிகிற நெபுலா, சில நிமிடத்தில் நிறத்தோடு திரையில் எழுந்து வரும். எங்கள் அப்பாயிக்குக் கண் புரை. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) ஒன்றும் தெரியாது. திரையில் ஓரியன் நெபுலா வந்த ராத்திரி, "மானத்துல செம்பருத்தி பூத்த மாதிரி இருக்குடா" என்றார். அதற்காகவே இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கருவிகளோடு வரும் கையேடுகள் காய்ந்த, குளிர்ந்த ஊர்களை மனதில் வைத்து எழுதியவை. இங்கே பழுதில் பாதிக்குத் தண்ணீர்தான் காரணம். காற்றில் தண்ணீர், மண்ணில் தண்ணீர், தண்ணீர் நிற்கும் வயலிலிருந்து கிளம்பி வரும் பூச்சி. அதனால் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கி, என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால் ஒன்று. படம் சரியில்லை என்றால் அடுக்கும் வேலையை நிறுத்துங்கள். ஒரே ஒரு ஃப்ரேமை எடுத்து, நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, நடுவிலும் நான்கு மூலைகளிலும் பாருங்கள். அடுக்கிய படம் பழுதை மறைக்கும், இல்லாவிட்டால் நாலு பழுதைக் குழைத்து ஒன்றாகக் காட்டும். தனி ஃப்ரேம் அப்படிச் செய்யாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கெயினையும் (கேமரா சிக்னலைப் பெருக்கும் அளவு) ஃபோகஸையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும்.

முதல் நட்சத்திரத்துக்கே தொலைநோக்கி தப்பாகப் போகிறது

எவ்வளவு தப்பு என்று கையால் அளங்கள். கையை நீட்டிப் பிடித்தால் முஷ்டியின் அகலம் சுமார் பத்து டிகிரி, நடு மூன்று விரல் சேர்ந்தால் ஐந்து. முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக, ஏழரை டிகிரிபோல மேற்கே தள்ளி நிற்கிறதா? நேர மண்டலத்தில் ஐந்தரைக்குப் பதிலாக ஐந்து என்று போட்டிருப்பீர்கள். வானம் ஒரு மணிக்குப் பதினைந்து டிகிரி நகரும். அரை மணிப் பிழைக்கு ஏழரை. ஆறு என்று போட்டிருந்தால் அதே அளவு கிழக்கே தள்ளும்.

பதினைந்து டிகிரி என்றால் கோடைகால நேரம் என்ற அமைப்பு இயங்குகிறது, அணைத்துவிடுங்கள். திசையே சம்பந்தமில்லாமல் போனால் தேதியைப் பாருங்கள். பல கைக்கருவிகள் மாதத்தை முதலில் கேட்கும், நாளை அடுத்துக் கேட்கும். தஞ்சாவூருக்கு அட்சரேகை 10.8, தீர்க்கரேகை 79.1. கும்பகோணத்துக்கு 10.96, 79.4. இதில் கால் டிகிரி பிசகினால் ஒன்றும் ஆகாது.

சீஸ்டார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இடம் உண்டு. மொட்டை மாடியில் திசைகாட்டி சரிபார்ப்பு திரும்பத் திரும்பத் தவறினால், காரணம் பெரும்பாலும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிதான். தண்ணீர்த் தொட்டி, இரும்புக் கதவு, பைக் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வைத்துச் செய்யுங்கள்.

திரை முழுக்கக் கறுப்பு, அல்லது முழுக்க வெள்ளை

மூடியைக் கழற்றினீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு ஹிஸ்டோகிராம், அதாவது எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் மலை வடிவ வரைபடம். மலை இடது ஓரத்தில் ஒட்டி, பாதி வெட்டுப்பட்டு நின்றால் பிளாக் லெவலை (கறுப்பின் அடித்தள அளவை) கொஞ்சம் ஏற்றுங்கள். வலது பக்கம் தள்ளி நின்றால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். மலை இடது ஓரத்திலிருந்து விலகி, முதல் கால் பங்குக்குள் முழுதாக நின்றால் போதும். மீதியைத் திரையின் ஸ்ட்ரெட்ச் (மங்கலைத் தூக்கிக் காட்டும் அமைப்பு) பார்த்துக்கொள்ளும்.

நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம், பின்னணி மெல்ல மெல்ல வெளுக்கிறது

டெல்டாவில் அதிகம் பேர் கேட்கும் தொல்லை இது. மூன்று காரணம் இருக்கலாம், மூன்றும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும்.

ஃபோகஸ் நகர்ந்திருந்தால் நட்சத்திரத்தின் நடுப்புள்ளியே பருத்துவிடும். இன்னும் போனால் நடுவில் ஓட்டை விழுந்து வளையல் போலாகும். மெல்லிய மேகம் என்றால் வந்து வந்து போகும். ஒரு ஃப்ரேம் கெடும், அடுத்த மூன்று தெளியும். பனி படிந்தால் இரண்டும் இல்லை. நடுப்புள்ளி கூர்மையாகவே இருக்கும், அதைச் சுற்றிப் புகைபோல ஒரு வட்டம் வளரும், கண்டுபிடிக்கப்படும் நட்சத்திரங்களின் எண்ணிக்கை குறையும். அந்த எண் ஒருபோதும் திரும்ப ஏறாது. 180 இருந்தது 150 ஆகி, 110 ஆகி, 60 ஆகும். இறங்கிக்கொண்டே போகும் அந்த எண்தான் பனியின் அடையாளம். லைவ் ஸ்டாக் பக்கத்தில் அதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருங்கள்.

ஜவ்வாது மலையில் காவலூர் வைனு பாப்பு வானாய்வு நிலையம் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, தண்ணீர் கட்டிய சம்பா வயலுக்கு நடுவில் நிற்கிறோம். கார்த்திகை முதல் தை வரை காற்றில்லாத தெளிந்த ராத்திரி என்றாலே பனி உண்டு. வெறும் வானத்தைப் பார்த்து நிற்கும் எந்தப் பரப்பும் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அப்போது ஈரம் அதன் மேல் உட்காரும். லென்ஸ் தொலைநோக்கியில் முன்லென்ஸ் முதலில் பிடிக்கும். நியூட்டோனியனில் அடியில் இருக்கும் பெரிய கண்ணாடி குழாயின் காவலில் இருக்கிறது. மேலே இருக்கும் சிறிய சாய்வுக் கண்ணாடிதான் முதலில் மாட்டும்.

குழாய் நீளத்தைக் கூட்டுங்கள். குழாய் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு ஒரு உறை. தூங்கும் ஃபோம் பாயை வெட்டி, உள்பக்கம் கறுப்புத் துணி ஒட்டினால் போதும். நான் முதலில் கோரைப்பாயில் செய்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அது ஈரம் குடித்துக் கனத்து, குழாயின் வாயை மறைத்துத் தொங்கியது. ஃபோம்தான் சரி.

மார்கழிக்கு உறை மட்டும் போதாது, லேசான சூடும் வேண்டும். 330 ஓம் ரெசிஸ்டர் பத்தை இணையாக (பேரலலாக) இணைத்து 12 வோல்ட் கொடுத்தால் மொத்தம் நான்கரை வாட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சூடு வரும். ஒவ்வொன்றும் 0.44 வாட் எடுக்கும், அதனால் ஒரு வாட் ரகமாக வாங்குங்கள், அரை வாட் ரகம் விளிம்பில் நிற்கும். நியூட்டோனியனுக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. இரண்டு, மூன்று ரெசிஸ்டரைச் சிறிய கண்ணாடியின் முதுகில் வைத்தால் போதும். கண்ணாடி காற்றைவிட ஒரு டிகிரி, அரை டிகிரி சூடாக இருந்தாலே பனி பிடிக்காது. அதற்கு மேல் போனால் வெப்பக் காற்று எழும்பி நட்சத்திரம் கொதிக்க ஆரம்பிக்கும். முக்கியமாக, பனி பிடிக்கும் முன்பே சூட்டைப் போட்டுவிடுங்கள். பிடித்தபின் துடைக்காதீர்கள். வயல் தூசி கண்ணாடியில் எப்போதும் இருக்கும், துண்டால் ஒருமுறை இழுத்தால் கீறல் காலத்துக்கும் இருக்கும். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஓரடி தள்ளிக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் தெளியும்.

இடமும் முக்கியம். அசைவில்லாத ராத்திரியில் குளிர்ந்த ஈரக்காற்று வயலோடு வயலாகப் படுத்திருக்கும். சில நாள் மூடுபனி இடுப்பளவுதான் நிற்கும், தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கும். அதனால் கார்த்திகை முதல் தை வரை மொட்டை மாடி. மாசிக்கு மேல் மாடி வேண்டாம். பகலில் குடித்த வெயிலைக் கான்கிரீட் நள்ளிரவு வரை கக்கும், நட்சத்திரம் நிலைக்காது. அப்போது நெல் அடித்து முடித்த களம்தான் எனக்குப் பிடித்த இடம்.

எட்டு மணிக்குக் கூர்மை, பதினோரு மணிக்குப் பருமன்

பனி இல்லை, மேகம் இல்லை, ஆனால் நட்சத்திரம் பருத்துவிட்டது. குழாய் சுருங்கியிருக்கிறது. எஃப்/5 தொலைநோக்கியில் ஃபோகஸ் சரியாக நிற்கும் இடம் முன்னும் பின்னும் சுமார் 27 மைக்ரான் மட்டுமே. இரண்டையும் சேர்த்தால்கூட ஒரு தலைமுடிப் பருமன் வராது. எஃகுக் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தால், 750 மி.மீ. நீளத்தில் 9 மைக்ரான் சுருங்கும். சாயங்காலம் 33 டிகிரி, நள்ளிரவு 26 என்றால் 60 மைக்ரானுக்கு மேல் போய்விட்டது. பாஹ்டினோவ் மாஸ்க்கை (நட்சத்திரத்தின் மேல் மூன்று கோடு விழச் செய்யும், பிளவு வெட்டிய மூடி) மாட்டி, நடுக்கோடு சரியாக நடுவில் விழும்படி மறுபடி வையுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை. தொலைநோக்கியைச் சூரியன் விழுந்த உடனே வெளியே வைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

அடுக்கின் எண் ஏறவே இல்லை

ஃபோகஸ், மேகம், பனி மூன்றும் காரணம் இல்லையென்றால், மென்பொருளுக்குப் போதுமான நட்சத்திரம் கிடைக்கவில்லை. என் கேமராவும் குழாயும் சேர்ந்து 51 ஆர்க்நிமிடத்துக்கு 29 ஆர்க்நிமிடம் வானத்தைத்தான் பார்க்கும் (டிகிரிக்கு 60 ஆர்க்நிமிடம், ஆர்க்நிமிடத்துக்கு 60 ஆர்க்விநாடி). பால்வீதியை விட்டு விலகி, கன்னி ராசிப் பக்கம் கேலக்ஸி தேடினால் அந்த ஜன்னலுக்குள் பிரகாசமான நட்சத்திரம் பத்துகூட இருக்காது. எக்ஸ்போஷரை நான்கிலிருந்து எட்டு விநாடியாக்குங்கள். பின்னிங் இரண்டு வையுங்கள், நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாகும். என் அமைப்பில் ஒரு பிக்சல் 0.8 ஆர்க்விநாடி. சமவெளிக் காற்று பெரும்பாலான நாள் இரண்டு, மூன்று ஆர்க்விநாடிக்குக் கீழே விடாது, அதனால் பின்னிங்கில் நுணுக்கம் பெரிதாகப் போகாது. எஃப்டபிள்யூஎச்எம் வடிகட்டியை (நட்சத்திரம் பருத்த ஃப்ரேமைத் தள்ளும் அமைப்பை) இறுக்கி வைத்திருந்தால் தளர்த்துங்கள். நேற்று நல்ல காற்றில் வைத்த எல்லையை இன்றைக்கு ஒரு ஃப்ரேம்கூடத் தாண்டாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, அதுதான் ஏமாற்றும். எண் ஜோராக ஏறுகிறது, ஒரு ஃப்ரேம்கூடத் தள்ளப்படவில்லை, ஆனால் நட்சத்திரங்கள் எல்லாம் கோடாக இழுபடுகின்றன. மென்பொருள் சென்சாரின் சூட்டுப் புள்ளிகளை (வெளிச்சம் விழாமலே ஒளிரும் பிக்சல்களை) நட்சத்திரம் என்று நம்பி அவற்றை வைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறது. டார்க் ஃப்ரேம் (மூடியைப் போட்டு எடுத்த படம்) போடுங்கள், சரியாகிவிடும்.

சிவப்பு, பச்சை, நீலப் பொடிக் கோடுகள்

அதே சூட்டுப் புள்ளிகள்தான். ஆனால் இங்கே நட்சத்திரங்கள் சரியாக அடுக்கப்பட்டிருக்கும், புள்ளிகள் நகர்ந்திருக்கும். கோட்டின் வடிவத்தைப் பாருங்கள், அதில் ஒரு சேதி இருக்கிறது. நேர்கோடாக, எல்லாம் ஒரே திசையில் இருந்தால் மவுன்ட் வழுக்குகிறது. ஒரு மையத்தைச் சுற்றி வளைந்து வளைந்து இருந்தால் புலம் (திரையில் தெரியும் வானப் பகுதி) சுழல்கிறது.

குளிரூட்டி இல்லாத கேமராவில் ஆறேழு டிகிரி கூடினால் சென்சாரின் இருட்டு மின்னோட்டம் இரட்டிப்பாகும். தையில் எடுத்த டார்க்கைச் சித்திரையில் போட்டால் பாதிப் புள்ளி அப்படியே நிற்கும். வெப்பநிலைக்கு ஒன்று என்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சென்சார் 25, 30, 35, 40 டிகிரியில் இருக்கும்போது, நீங்கள் வழக்கமாகப் போடும் எக்ஸ்போஷரிலும் கெயினிலும், மூடியைப் போட்டு ஐம்பது ஃப்ரேம். மேகம் மூடிய ராத்திரிக்கு இது நல்ல வேலை.

நடுவில் புள்ளி, மூலையில் வில்

தனி ஃப்ரேமிலேயே மூலை நட்சத்திரங்கள் வளைந்திருக்கின்றனவா? முதலில் கண்ணாடியின் பிழையா என்று பார்த்துத் தள்ளுங்கள். நியூட்டோனியனின் கோமா என்றால் வால் எல்லாம் மையத்திலிருந்து வெளியே நீளும், சக்கரத்தின் ஆரக்கால்போல. புலச் சுழற்சி என்றால் மையத்தைச் சுற்றி வளையும், செக்கு சுற்றின தடம்போல. எக்ஸ்போஷரைப் பாதியாக்கிப் பாருங்கள். வில்லின் நீளம் பாதியானால் சுழற்சி. மாறவே இல்லை என்றால் கோமா. அதற்குக் கோமா கரெக்டரும், சென்சாருக்கும் அதற்கும் இடையே அது கேட்கும் சரியான தூரமும் வேண்டும், பெரும்பாலானவை கேட்பது 55 மி.மீ.

சுழற்சியைப் பற்றி நம் அட்சரேகைக்காரர்கள் கொஞ்சம் கணக்கே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஆல்ட்-அசிமுத் மவுன்டில் புலம் சுழலும் வேகம், மணிக்கு 15 டிகிரியை அட்சரேகையின் கொசைனாலும் திசைக்கோணத்தின் கொசைனாலும் பெருக்கி, உயரக்கோணத்தின் கொசைனால் வகுத்தால் வரும். 11 டிகிரிக்குக் கொசைன் 0.98, ஆக நமக்குச் சலுகையே இல்லை. ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் திசைக்கோணத்தின் கொசைன் பூஜ்யத்தை நெருங்கிவிடும். அங்கே சுழற்சியும் கிட்டத்தட்ட இல்லை.

பொங்கல் நேரத்து ஓரியன் நெபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஏழரைக்குக் கிழக்கே பாதி உயரத்தில் நிற்கும்போது மணிக்கு ஏழு டிகிரிதான் சுழலும். பத்தேகால் வாக்கில் உச்சியை நெருங்கி 74 டிகிரி உயரத்தில் நிற்கும்போது மணிக்கு 53 டிகிரி. மையத்திலிருந்து ஆயிரம் பிக்சல் தள்ளியிருக்கும் நட்சத்திரம், பத்து விநாடியில் இரண்டரை பிக்சலுக்கு மேல் இழுபடும். நெபுலா நன்றாக மேலே வரட்டும் என்று காத்திருக்கத் தோன்றும், எனக்கும் வெகுநாள் அப்படித்தான். ஏழரைக்கே பாருங்கள். உச்சியில்தான் பார்த்தாக வேண்டும் என்றால் எக்ஸ்போஷரை மூன்று நான்கு விநாடிக்கு இறக்குங்கள்.

படம் ஒரே பக்கமாகச் சரிகிறது, அடுக்கின் ஓரம் படிக்கட்டு மாதிரி மங்குகிறது

மண்ணைப் பாருங்கள். வண்டலும் களியும் கலந்த மண், மழை பெய்து வாரம் ஆனாலும் உள்ளே ஈரம் காயாது. முக்காலியின் ஒரு கால் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால், கால்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருக்கும் முக்காலியில் புலம் சுமார் நான்கு ஆர்க்நிமிடம் சாயும். என் ஜன்னலின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு அது. மவுன்ட் அமைப்பில் பிசகு என்றால், வானத்தில் திசை மாற்றிப் பார்க்கும்போது சரிவின் போக்கும் மாறும். கால் இறங்கினால் எந்தத் திசையில் பார்த்தாலும் குழாய் அதே கால் பக்கமாகத்தான் சாயும், நேரம் ஆக ஆகச் சரிவின் வேகம் குறையும்.

கால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு செங்கல்லைப் படுக்கை வாட்டில் வையுங்கள். மிகவும் ஈரமென்றால் செங்கல்லுக்குக் கீழே பலகை. வைத்தபின் ஒருமுறை மேலே கை வைத்து நன்றாக அழுத்துங்கள், இறங்க வேண்டியது அப்போதே இறங்கட்டும். பிறகு அரை மணி கழித்து அலைன்மென்ட் (நட்சத்திரம் காட்டி மவுன்டுக்குத் திசை பழக்குவது) செய்யுங்கள். முக்காலியைச் சுற்றி நடப்பதைக் குறையுங்கள். வரப்பில் ஆள் நடந்தாலே திரையில் தெரிகிற மண் இது.

கேமரா திடீரென்று காணாமல் போகிறது, மவுன்ட் தானாக மறுபடி தொடங்குகிறது

மின்சாரத்தையும் ஒயரையும் தவிர வேறெங்கும் தேடாதீர்கள். ஒரு ராத்திரி ஒவ்வொரு நாற்பது நிமிடத்துக்கும் மவுன்ட் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமா பம்புசெட்டை நிறுத்தி நிறுத்திப் போடும் நேரமும் அதுவும் பொருந்தியதைக் கவனித்த பிறகுதான் புரிந்தது. மோட்டார் கிளம்பும் கணத்தில் லைன் வோல்டேஜ் இறங்குகிறது, நான் வைத்திருந்த மலிவு 12 வோல்ட் அடாப்டரால் அதைத் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து மவுன்டும் ஹீட்டரும் பேட்டரியில்தான்.

பேட்டரியிலும் கண்ணி உண்டு. அரை சதுர மில்லிமீட்டர் மெல்லிய ஒயரைப் பத்து மீட்டர் இழுத்தால், போக வர இருபது மீட்டருக்கு 0.69 ஓம். இரண்டு ஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 12.2 காட்டும், மவுன்டுக்கு 10.8 தான் சேரும். அளப்பதாக இருந்தால் மவுன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, மவுன்டின் முனையில் அளங்கள். இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டோடு நிற்கும்.

யுஎஸ்பி 3 கேபிள் மூன்று மீட்டருக்கு மேல் வேண்டாம். கேபிளைக் குழாயோடு ஒரு இடத்தில் கட்டிவிடுங்கள், எடை சாக்கெட்டில் தொங்கக் கூடாது. சாக்கெட் வாயைக் கீழ்நோக்கி வைத்தால் பனித்துளி உள்ளே இறங்காது.

திரையில் திடீர் வெளிச்சம், கறுப்புத் திட்டு, எங்கிருந்தோ நிழல்

பூச்சி. நெற்பயிர் நிற்கும் மாதங்களில், அடைமழை விட்ட புழுக்கமான ராத்திரிகளில், பச்சைத் தத்துப்பூச்சி லேப்டாப் திரையை மூடிவிடும். கொஞ்சம் குழாய்க்குள்ளும் போகும். கண்ணாடியில் உட்கார்ந்த சிறு பூச்சியால் பெரிய கேடு இல்லை. கேமராவின் கண்ணாடிச் சாளரத்தில் உட்கார்ந்தால்தான் திரையில் திட்டாகத் தெரியும். எந்த நட்சத்திரத்துக்குப் போனாலும் திட்டு அதே இடத்தில் நின்றால் அது சாளரத்தில்தான். ஊதுபந்தால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம்.

விவசாயிகள் வைக்கும் விளக்குப் பொறியிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழி இது: முப்பது மீட்டர் தள்ளி, வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் நேர்ப்பார்வைக்குத் தெரியாமல் ஒரு வெள்ளை பல்பை எரிய விடுங்கள். முக்கால்வாசிப் பூச்சி அங்கே போய்விடும். திரைக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள். வைஃபையில் டேப்லெட் வைத்து வீட்டுக்குள்ளிருந்து ஓட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் இருட்டு

வெளுப்பு எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தத் திசையில் தெருவிளக்கோ, கோயில் திருவிழா சீரியல் செட்டோ, கடலோரமென்றால் இறால் பண்ணை விளக்கோ இருக்கிறதா என்று தேடுங்கள். கேமராவைத் தொண்ணூறு டிகிரி திருப்புங்கள். வெளுப்பு திரையில் இடம் மாறினால் வானத்து வெளிச்சம். இடம் மாறாவிட்டால் சென்சாரிலோ அதன் முன்னாலோ உள்ள தூசி, பனி, நிழல்.

இரட்டைப் பட்டை வடிகட்டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் சிவப்பையும் 500.7 நானோமீட்டர் ஆக்ஸிஜன் பச்சையையும் மட்டும் விடும். ஓரியன், லகூன், ஈட்டா கரினா போன்று தானே ஒளிரும் நெபுலாவுக்கு அருமை. கேலக்ஸிக்கும் விண்மீன் கொத்துக்கும் வாங்காதீர்கள். அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது, தெருவிளக்கோடு சேர்த்து அதையும் வடிகட்டி எறிந்துவிடும். அந்தப் பணத்தில் நல்ல பேட்டரி வாங்குங்கள்.

மூலைகள் சமமாக இருண்டு நடு வெளுத்திருந்தால் ஃப்ளாட் ஃப்ரேம் (சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுத்த படம்) வேண்டும். துவைத்த வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் குழாய் வாயில் கட்டி, சூரியன் விழுந்து பத்து நிமிடத்தில் உச்சி வானத்தைப் பார்த்து எடுங்கள். ஃபோகஸும் கேமராத் திருப்பமும் ராத்திரி இருக்கப்போகும் நிலையிலேயே இருக்க வேண்டும்.

துருவ நட்சத்திரம் கிடைக்கவில்லை

இது ஈக்வடோரியல் மவுன்ட் (அச்சைத் துருவத்தை நோக்கி வைக்கும் வகை) வைத்திருப்பவர்களுக்கு. இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குப் பதினோரு டிகிரி மேலேதான். அந்த இடத்தில் தென்னந்தோப்பு இருக்கும், இல்லாவிட்டால் மூட்டம். தோப்பை வெட்ட முடியாது, துருவத்தையும் தேட வேண்டாம். வானத்தின் வேறு இடத்தைப் படமெடுத்துக் கணக்கிடும் துருவச் சீரமைப்பு நினா மென்பொருளிலும் ஏஎஸ்ஐஏர் கருவியிலும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பழைய டிரிஃப்ட் முறையும் (நட்சத்திரம் நகரும் போக்கைப் பார்த்து அச்சைத் திருத்துவது) நன்றாக வேலை செய்யும். பத்து விநாடி எக்ஸ்போஷருக்கு கால் டிகிரிப் பிசகு பொறுக்கும், ராத்திரியெல்லாம் இதிலேயே செலவழிக்காதீர்கள். இவ்வளவு தாழ்ந்த அட்சரேகையில் எடைத் தண்டு முக்காலிக் காலில் இடிக்கும் மவுன்ட்கள் உண்டு. வாங்கும் முன் அது எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் பொருள் மங்கல்

நேரம் கொடுங்கள். அடுக்கும் நேரம் நான்கு மடங்கானால்தான் இரைச்சலுக்கு மேல் பொருள் இரண்டு மடங்கு எழும். ஒரு நிமிடத்தில் தெரிந்ததைவிட இரட்டிப்புத் தெளிவுக்கு நான்கு நிமிடம், அதிலிருந்து இன்னொரு இரட்டிப்புக்குப் பதினாறு நிமிடம். அதற்கு மேல் போனால் கூட்டமாக வந்து பார்க்கிறவர்கள் கலைந்துவிடுவார்கள்.

பிறகு உயரத்தைப் பாருங்கள். வடக்கே இருப்பவர்களுக்கு அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும் தென்வானம் நமக்குக் கிடைத்த செல்வம். சித்திரை நடுவில் இரவு பதினோரு மணிக்கு மேல், தெற்கே 32 டிகிரி உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து நிற்கும். பதினேழாயிரம் ஒளியாண்டு தொலைவு, திரையை ஏறத்தாழ நிரப்பிவிடும். ஐந்து விநாடியில் ஒரே ஃப்ரேம் போதும், நடு வரைக்கும் மணல் கொட்டினதுபோல நட்சத்திரம் பிரியும். அங்கே காற்றின் தடிமன் உச்சியைப்போல் இரண்டு மடங்கு. ஈட்டா கரினா இருபது டிகிரிகூட ஏறாது, அங்கே மூன்று மடங்கு. அதைப் பார்க்கத் தெற்கே கடல் இருக்கும் கோடியக்கரைப் பக்கம் போவது நல்லது, அந்தத் திசையில் பக்கத்தில் ஊரும் விளக்கும் இல்லை. அறுவடைக்குப் பிறகு தாள் கொளுத்தும் நாட்களில் தெற்கே இறங்கவே வேண்டாம். புகை தரையோடு படுத்திருக்கும், நட்சத்திரம் எல்லாம் பழுப்பேறித் தெரியும். அன்றைக்கு உச்சிக்கு அருகில் இருக்கும் சோம்ப்ரேரோ கேலக்ஸியைப் பாருங்கள். என் குழாயில் இரண்டு மூன்று நிமிடத்தில் அதன் நடுவே ஓடும் கறுப்புத் தூசிப் பட்டை வந்துவிடும்.

மழைக்காலம் முடிந்து எடுத்தால் கண்ணாடியில் நரம்பு நரம்பாக வெள்ளைக் கோடு

பூசணம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெட்டியில் பூட்டி வைத்த லென்ஸில் இது வரும். ஈரத்தோடு மூடி போட்டதுதான் காரணம். பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சூட்டுக் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படியும். உள்ளே வந்து ஒரு மணி நேரம் ஆனபின், கண்ணாடி அறையின் சூட்டுக்கு வந்தபின், மூடியைத் திறந்து ஃபேன் காற்றில் வையுங்கள், ஈரம் முழுதும் காயும் வரை. பிறகு மூடி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். கேமராவையும் ஐபீஸையும் அப்படித்தான். ஆரஞ்சு நிற ரகம் வாங்குங்கள், நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது. நிறம் மாறினால் இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும். அதற்கென்று ஒரு சட்டி தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் பிறகு சமைக்கக் கூடாது. அடைமழை மாதங்களில் எங்கள் வீட்டில் பத்து நாளுக்கு ஒருமுறை வறுக்கிறோம்.